பாய்மரப் படகில் வளிச்சீராக்கி



காற்றின் வலிமையாற் செல்லும் படகுக்குக் காற்றைக் குளிரச் செய்யும் இயந்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் வெப்பமண்டலத் துறைமுகம் ஒன்றிலே, கட்டிவைத்த படகின் உள்ளறையில் ஒரு சித்திரை மாதத்து இரவைக் கழித்தவர்கள் அக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் தை, மாசி மாதங்களில், தாய்லாந்தின் புக்கெற், மலேசியாவின் லங்காவி ஆகிய தீவுகளிலிருந்து சிறு பாய்மரப் படகுகள் மேற்கு நோக்கிப் புறப்படும். அவற்றுட் சில நமது காலித் துறைமுகத்தில் தங்கி, மாலைதீவு வழியாக அப்பாற் செல்லும். அவை பெரும்பாலும் 35 அடி தொடக்கம் 45 அடி வரை நீளமுடையன. இருவரோ மூவரோ மாத்திரம் செலுத்துவன. அவற்றுட் பல குளிர்நாடுகளிலே, குளிர்கடல்களுக்கெனக் கட்டப்பட்டவை. கண்ணாடியிழையால் ஆன உடலும், அலைநீர் புகாதபடி இறுக மூடும் சிறு சாளரங்களும் வடகடலில் உயிர்காப்பன. ஆனால் நமது கடலில், பகல் முழுதும் வெயிலுண்ட மேல்தளத்தின் கீழே அவ்வறை ஒரு போறணையாகி விடுகின்றது.

இது வெறும் சுகபோகத்தைப் பற்றிய பேச்சன்று. இருவர் செலுத்தும் படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் காவலிருக்கவேண்டும். துறைமுகத்தில் மூன்று இரவுகள் வியர்வையிலே புரண்டுவிட்டு நாலாம் நாள் புறப்படுபவர், உலகின் நெருக்கமான கப்பற் பாதைகளில் ஒன்றாகிய தெய்வேந்திரமுனைக்குத் தெற்கேயுள்ள கடலில், நள்ளிரவிற் கண்ணயர்ந்தால் விளைவு என்ன? ஆதலின் உறக்கமும் படகின் பாதுகாப்புச் சாதனங்களுள் ஒன்றேயாகும். ஆனால் அந்த உறக்கத்தைத் தருவதற்காகப் பொருத்தப்படும் இயந்திரம், பிழையாகப் பொருத்தப்பட்டால், படகையே கடலுக்குள் அனுப்பிவிடும். அல்லது உறங்குபவரை எழாமலே செய்துவிடும். ஆகவே அதனைத் தெரிவு செய்வதையும் பொருத்துவதையும் பற்றி இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில், வளிச்சீராக்கி செய்யும் வேலை யாது? அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது, அவ்வளவே. 1902 ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் புறூக்ளின் நகரிலுள்ள ஓர் அச்சகத்திற்காக இத்தகைய முறையை வகுத்தபோது, அவர் முதன்மையாகக் கருதியது வெப்பத்தையன்று, ஈரத்தை. ஈரத்தால் விரிந்தும் சுருங்கியும் அச்சுத்தாள் வர்ணங்களை இடம் மாற்றிப் பதித்தமையே அங்கிருந்த தொல்லை. ஈரத்தை நீக்குதல் என்ற அப்பணி படகிலே இன்னும் முக்கியமானது. மெத்தையிற் பூஞ்சணம் பிடிப்பதும், ஏடுகள் ஊறுவதும், மின்கம்பிகளின் முனைகள் பச்சைநிறங்கொண்டு அரிப்பதும் ஈரத்தின் செயல்களேயன்றோ?

வீட்டிலுள்ள இயந்திரம் தான் அள்ளிய வெப்பத்தை வெளிக்காற்றிற் கொட்டுகின்றது. படகுக்கென அமைந்த இயந்திரம் அதனைக் கடல்நீரிற் கொட்டுகின்றது. ஒரு பம்பி கடல்நீரை உள்ளே இழுத்து, செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய்ச்சுருளின் ஊடாகச் செலுத்தி, மறுபடி வெளியே விடுகின்றது. நீர் காற்றைவிட வெப்பத்தை எளிதில் ஏற்பதால் இயந்திரம் சிறியதாக அமையலாம். ஆயின் நமது கடல்நீர் 28 பாகை, 30 பாகை வெப்பமுடையது என்பதை மறத்தல் கூடாது. குளிர்கடலில் ஓர் இயந்திரம் தரும் பயன் முழுவதையும் வெதுவெதுப்பான நீரில் எதிர்பார்க்க இயலாது.

இனி, தெரிவுக்கு வருவோம். இங்கே எல்லாவற்றுக்கும் மூலமான ஓர் உண்மை உண்டு. நங்கூரமிட்டு நிற்கும் படகு தானாகவே திரும்பித் தன் முன்முனையைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொள்ளும். ஆகவே மேல்தளத்தின் முன்வாயிலைத் திறந்து, அதன்மேல் துணியினாலான ஒரு காற்றுவாரியைக் கட்டினால், கடற்காற்று அறை முழுவதும் பாயும். ஆனால் அங்கே கரைமின்சாரம் இல்லை. துறைமுக மேடையிற் கட்டப்பட்ட படகுக்குக் கரையிலிருந்து மின்சாரம் வரும். ஆனால் அது காற்றின் திசைக்குத் திரும்பமாட்டாது; சுற்றியுள்ள படகுகளும் மதில்களும் காற்றைத் தடுத்துவிடும். காற்றுள்ள இடத்தில் மின்சாரம் இல்லை. மின்சாரம் உள்ள இடத்திற் காற்று இல்லை. எனவே சிறு பாய்மரப் படகின் வளிச்சீராக்கி பெரும்பாலும் துறைமுகத்துக்குரிய பொருளே என்று முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். அதைக் கடல் நடுவிலும் வேலை செய்விக்க முற்படுவோர் அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதைப் பின்னர் காண்போம்.

இயந்திரத்தை வாங்குமுன் செய்யத்தக்கவை சில உள. மேல்தளத்தின் மீது வெள்ளைத்துணியாற் பந்தல் போன்ற மேற்கட்டியை விரித்தல் முதலாவது. வெயில் படகுடலிற் படுமுன்னே தடுக்கப்பட்டால், உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றும் செலவு மிஞ்சும். கண்ணாடி வாயில்களுக்கு வெளிப்புறமாக உறையிடுதல் இரண்டாவது. மழையிலும் அலையிலும் காற்று மாத்திரம் உட்புகுமாறு அமைந்த காற்றுப்பெட்டி மூன்றாவது. 1930 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் கட்டப்பட்ட டொரேட் என்ற பாய்மரப் படகில் அமைந்த இவ்வகைப் பெட்டி அப்படகின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அப்படகு 1931 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் போட்டியில் வெற்றியீட்டியது. பெட்டிக்குள் நீரும் காற்றும் சேர்ந்தே வரும். நீர் அடித்துளைகளால் மேல்தளத்திற்கு வழிந்தோட, காற்று மாத்திரம் உயர்ந்து நிற்கும் குழாய்வழியே அறைக்குள் இறங்கும். எந்திரமில்லை, மின்சாரமில்லை, பழுதுமில்லை.

இவையெல்லாம் செய்தும் போதவில்லையாயின், எவ்வகை இயந்திரம்? மூவகைகளைச் சொல்லலாம். மேல்வாயிலின் மீது தூக்கிவைக்கும் பெட்டி வகை ஒன்று. அது தன் வெப்பத்தை வெளிக்காற்றிலே விடுவது. படகுடலிற் துளையிட வேண்டுவதில்லை. துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது இறக்கிவைத்து விடலாம். ஆண்டில் ஓரிரு மாதங்களே தேவைப்படுவோருக்கு இதுவே போதும். கடல்நீராற் குளிரும், எல்லா உறுப்புகளும் ஒரே அடித்தட்டில் அமைந்த வகை இரண்டாவது. இருக்கைக்கு அடியிலோ அலுமாரியின் அடித்தட்டிலோ இதனை வைக்கலாம். சிறு பாய்மரப் படகுகளிற் பெரிதும் காணப்படுவது இதுவே. குளிர்நீரைக் குழாய்களில் ஓடவிட்டுப் பல அறைகளைக் குளிர்விக்கும் வகை மூன்றாவது. அது பெருங்கலங்களுக்கு உரியது.

அடுத்தது அளவு. இவ்வியந்திரங்களின் ஆற்றல் பிரித்தானிய வெப்ப அலகிற் சொல்லப்படும். ஓர் இறாத்தல் நீரின் வெப்பநிலையை ஒரு பரனைற்றுப் பாகையால் உயர்த்தும் வெப்பமே ஓர் அலகு. மணிக்கு 12,000 அலகு வெப்பத்தை அகற்றும் இயந்திரத்தை 'ஒரு தொன்' இயந்திரம் என்பர். 2,000 இறாத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ அவ்வளவு என்பதே இப்பெயரின் வரலாறு. படகின் கீழறைகளுக்குச் சதுர அடி ஒன்றுக்கு 60 அலகும், வெப்பமண்டலத்தில் 90 அலகு வரையும் கொள்ளுதல் ஒரு பருமட்டான கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 40 அடிப் படகு ஒன்றின் முன்னறை 50 சதுர அடி, நடுக்கூடம் 110 சதுர அடி என்க. 90 ஆற் பெருக்கினால் முன்னறைக்கு 4,500 அலகும், கூடத்திற்கு 9,900 அலகும் வரும். ஆகவே 5,000 அலகு இயந்திரம் ஒன்றும் 10,000 அலகு இயந்திரம் ஒன்றும் பொருந்தும். இரண்டுக்கும் பதிலாக 16,000 அலகு இயந்திரம் ஒன்றை வைத்தால் என்ன என்று தோன்றலாம். இரவில் உறங்கும் அறையை மாத்திரம் குளிர்விக்கச் சிறிய இயந்திரம் தனியே ஓடினாற் போதும். பெரியதொன்று மாத்திரம் இருப்பின் அவ்வசதி இல்லை.

'பெரிதாயிருந்தால் நல்லதுதானே' என்ற எண்ணம் இங்கே பெருங்கேடு செய்யும். அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் அறையைச் சில நிமிடங்களிற் குளிர்வித்துவிட்டுத் தானே நின்றுவிடும். ஈரத்தை நீக்க அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. விளைவு, குளிர்ந்த, ஆனால் பிசுபிசுத்த அறை. அடிக்கடி நின்றும் ஓடியும் இயந்திரமும் விரைவிற் தேயும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பதே இங்கு விதி.

இனி மின்சாரம். 10,000 அலகு இயந்திரம் ஓடும்போது, பம்பியும் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு கிலோவாற் மின்வலுவை எடுக்கும். ஓர் இரவின் 8 மணித்தியாலத்தில் அது பாதி நேரமே ஓடினாலும் 4 கிலோவாற் மணி செலவாகும். 12 வோல்ற், 100 அம்பியர் மணி கொண்ட பற்றரி ஒன்றில் நிரம்பியிருப்பது 1.2 கிலோவாற் மணியே. ஈயப் பற்றரியாயின், அதன் ஆயுள் கெடாமல் எடுக்கத்தக்கது அதிற் பாதி. ஆகவே ஓர் இரவுக்கு அத்தகைய ஈயப் பற்றரிகள் ஏழும், இலிதியப் பற்றரிகளாயின் நான்கும் வேண்டும். 400 வாற் சூரியத் தகடுகள் நல்ல வெயில் நாள் ஒன்றிற் தருவது ஒன்றரை முதல் இரண்டு கிலோவாற் மணி வரையே. அதைக்கொண்டே விளக்கும், குளிர்ப்பெட்டியும், வானொலியும், வழிகாட்டும் கருவிகளும் இயங்கவேண்டும். கடல் நடுவிற் குளிர்காற்றை விரும்புவோர் கொடுக்கும் விலை இதுதான். வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்தோடும் புதிய இயந்திரங்கள் இக்கணக்கை இலகுவாக்கியிருப்பது உண்மை. ஆனால் கணக்கை அழித்துவிடவில்லை.

கரைமின்சாரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கப் படகுகளிலுள்ள இயந்திரங்கள் பல 115 வோல்ற், 60 சுற்று மின்சாரத்துக்கென அமைந்தவை. இலங்கையிலும், மலேசியாவிலும், ஐரோப்பாவிலும் கிடைப்பது 230 வோல்ற், 50 சுற்று மின்சாரம். நிலைமாற்றி ஒன்றினால் வோல்ற்றளவைக் குறைக்கலாம், மீடிறனை மாற்றமுடியாது. 60 சுற்றுக்கென அமைந்த மோட்டார் 50 சுற்றில் மெதுவாக ஓடி, கூடிய மின்னோட்டத்தை எடுத்துச் சூடேறும். ஆதலின் நெடும்பயணஞ் செய்யவிருப்பவர், இரு மீடிறன்களுக்கும் ஏற்றதெனத் தயாரித்தவர் குறித்த இயந்திரத்தையே வாங்குதல் வேண்டும். மேலும் எந்த இயந்திரமும் தொடங்கும் கணத்தில் வழமையைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லத் தொடங்கச் செய்யும் சிறுகருவியொன்றைச் சேர்த்தால், வலிமை குறைந்த கரைமின் இணைப்பிலும் அது தடையின்றித் தொடங்கும்.

பொருத்துதலிலே முதன்மையானது நீரின் வழி. கடல்நீரை உள்ளே எடுப்பதற்கு நீர்மட்டத்தின் கீழே படகுடலில் ஒரு துளையிடவேண்டும். இதனை அற்பமாக எண்ணலாகாது. நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே, ஓரங்குல விட்டமுள்ள துளையொன்று திறந்து கிடந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லீற்றர் நீர் உட்புகும். ஒரு மணித்தியாலத்தில் அது மூன்றரைத் தொன்னுக்கு மேலாகும். படகின் சொந்தக்காரர் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள், கட்டிய இடத்திலேயே படகு தாழத் தொடங்கிவிடும்.

எனவே அத்துளையில் வெண்கலத்தாலோ, கடலுக்கெனவே செய்யப்பட்ட வலிய செயற்கைப் பொருளாலோ ஆன வால்வு அமைதல் வேண்டும். சாதாரண பித்தளை உதவாது. அதிலுள்ள நாகத்தைக் கடல்நீர் அரித்தெடுத்துவிட, எஞ்சிய உலோகம் கைபட்டதும் பொடிந்துபோகும். வால்வு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நீர்மட்டத்தின் கீழுள்ள ஒவ்வொரு குழாய் முனையிலும் துருப்பிடியாத உருக்குப் பட்டிகள் இரண்டு இறுக்கப்படவேண்டும். வால்வின் அருகே, துளைக்குப் பொருத்தமான மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றாற் கட்டித் தொங்கவிடுதல் பழைய மாலுமிகளின் வழக்கம். அக்கட்டையின் விலை சில ரூபா. அது காக்கும் பொருள் படகு முழுவதும்.

வால்வுக்கு அடுத்து வடி, வடிக்கு அடுத்து பம்பி, அப்பால் இயந்திரம், முடிவில் வெளியேறும் துவாரம். இவ்வரிசையில் இயந்திரம் வரையும் குழாய் இடையறாது மேல்நோக்கியே ஏறிச்செல்லவேண்டும். இடையில் எங்கேனும் வளைந்து மேலெழுந்து தாழ்ந்தால், அவ்வளைவிற் காற்று தங்கி நீரோட்டத்தைத் தடுத்துவிடும். இப்பம்பி தானாக நீரை உறிஞ்சியெடுக்க வல்லதன்று. ஆகவே அது நீர்மட்டத்தின் கீழேயே அமையவேண்டும். பாய்மரப் படகு ஒருபக்கம் சாய்வது இயல்பாதலால், உள்ளெடுக்கும் துவாரம் அடிமரத்தை ஒட்டி ஆழத்தில் இருத்தல் நன்று. அல்லாவிடின் படகு சாயுங்காற் துவாரம் நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும். அத்துவாரத்தைப் படகு இயந்திரத்தோடோ மலகூடத்தோடோ பங்கிடலும் ஆகாது. வெளியேறும் துவாரம் நீர்மட்டத்துக்குச் சில அங்குலங்கள் மேலே கண்ணுக்குத் தெரியும்படி இருப்பின், நீர் ஓடுகின்றதா என்பதை ஒரு பார்வையில் அறியலாம். ஒரு தொன் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 லீற்றர் நீர் வேண்டும். ஓட்டம் மெலிந்ததும் வடியைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கே பாசியோ இழுதுமீனோ பிளாத்திக்குப் பையோ இருக்கக்கூடும்.

காற்றின் வழி இதைவிட எளிது. குளிர்காற்று கனமானது, கீழே இறங்குவது. எனவே அது புறப்படும் வாய் அறையின் உயரத்திலும், வெப்பக்காற்றை இயந்திரம் மீள எடுக்கும் வாய் தாழ்விலும் அமையவேண்டும். ஒன்றன் எதிரே மற்றொன்று இருந்தால், புறப்பட்ட குளிர்காற்று அறையைச் சுற்றாமலே திரும்பிவிடும். காற்றுக்குழாய் குறுகியதாயும், நேரானதாயும், மேலுறை இடப்பட்டதாயும் இருத்தல் நன்று.

காற்றிலிருந்து பிரிந்த ஈரம் நாளொன்றுக்குப் பல லீற்றர் நீராகச் சேரும். அதனைப் படகின் அடிக்குழியில் ஓடவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. அதில் ஈரமும் நாற்றமும் மாத்திரமன்றி, உயிராபத்தும் உண்டு. அடிக்குழி எஞ்சின் அறையோடு தொடர்புடையது. இயந்திரத்தின் விசிறி இழுக்கும்போது, எஞ்சின் புகை அந்த வடிகுழாய் வழியே ஏறி உறங்கும் அறைக்குள் வந்துவிடக்கூடும். ஆதலின் அந்நீர் மூடிய தொட்டி ஒன்றிற் சேர்ந்து, பம்பியினால் வெளியேற்றப்படல் வேண்டும். இயந்திரமும் எஞ்சின் அறையில் ஒருபோதும் வைக்கப்படலாகாது.

நேயர்களே, இங்கேதான் நான் மிக அழுத்திச் சொல்லவேண்டிய விடயம் இருக்கின்றது. வளிச்சீராக்கி ஓடவேண்டுமாயின் வாயில்களையும் சாளரங்களையும் மூடவேண்டும். கரைமின்சாரம் இல்லாத இடத்தில் மின்பிறப்பாக்கி ஓடவேண்டும். மூடிய அறை, அருகே ஓடும் எஞ்சின், உறங்கும் மனிதர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்வதைப் போன்ற அபாயம் வேறில்லை. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலே ஒட்சிசன் பற்றும் இடத்தை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். அதன் முதற்குறிகள் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவை. படகிலிருப்பவர் அவற்றைக் கடற்காய்ச்சல் என்றெண்ணி, படுத்துக்கொள்ளவே விரும்புவார். அப்படிப் படுப்பதே அவருக்கு எமனாகிவிடும்.

சுமந்துசெல்லும் பெற்றோல் மின்பிறப்பாக்கியை மேல்தளத்தில் வைத்து ஓட்டியபடி கீழே உறங்குவது எக்காலத்தும் கூடாத செயல். டீசல் எஞ்சின் இவ்வாயுவைக் குறைவாக வெளியிடுமாயினும், வெளியிடாமலில்லை. அருகிற் கட்டிய அயற்படகின் புகையும் நமது அறைக்குள் வரலாம். எனவே உறங்கும் அறை ஒவ்வொன்றிலும் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும். அக்கருவி வாங்கப் பணமில்லையெனின், வளிச்சீராக்கி வாங்கவும் பணமில்லை என்றே கொள்க.

குளிரூட்டும் வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இயந்திரங்களில் நிரம்பியிருந்த ஆர்-22 போன்ற வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தைச் சிதைப்பன. 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் வழியாக அவை படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. ஆகையால் மலிவாகக் கிடைக்கின்றதென்று பழைய இயந்திரமொன்றை வாங்குபவர், அதற்கு மீண்டும் வாயு நிரப்ப இயலாமற் தவிக்க நேரலாம்.

பராமரிப்பு மிகச் சிறியது, ஆனால் தவறாதது. காற்றுச் சல்லடையை மாதந்தோறும் கழுவுதல், நீர்வடியை அடிக்கடி துப்புரவாக்கல், வால்வைத் திருகித் திறந்து மூடிப் பழக்கத்தில் வைத்திருத்தல் என்பனவே அவை. எல்லாவற்றிலும் மேலானது ஒன்று: படகை விட்டு அகலும்போது வளிச்சீராக்கியை நிறுத்தி, அவ்வால்வை மூடிவிட்டே செல்லவேண்டும்.

ஆகவே, இத்துறையில் இறங்க எண்ணுபவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகளை ஒழுங்கிலே வைத்துக்கொள்ளட்டும். நிழல் செய்தேனா? காற்றுக்கு வழி விட்டேனா? படகு எங்கே கூடுதலாகத் தங்கும், துறைமுகத்திலா நங்கூரத்திலா? எந்த அறையில் உறங்குவேன்? அதற்கு வேண்டிய மிகச்சிறிய இயந்திரம் எது? அதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும்? நீர் உள்ளே வரும் துளையை நொடியில் மூட இயலுமா? புகை வந்தால் என்னை எழுப்புவது எது? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரையில், முன்னுள்ள கேள்விகளுக்கு எத்துணை அழகான விடைகள் கிடைத்தாலும், அந்த இயந்திரத்தைத் தொடக்காதிருப்பதே அறிவுடைமை.